காம்புக் குப்பையும் கடைசித் தாளும்

தண்டோரா போடுகிறவர் வேறு வேலையாகப் போய்விட்டதால், நானே எழுத்தில் அறிவிக்க வேண்டியதாயிற்று. பாளையம்பட்டியில் மிளகாய் வத்தல் வியாபாரி வீட்டுக் கொல்லையானது, சித்திரை பிறந்த மறுவாரம், அதாவது நேற்று வெள்ளிக்கிழமை, ஒரு துரும்பு, ஒரு முள், ஒரு மூட்டைப்பூச்சிகூட மிச்சமில்லாமல் சுத்தம் செய்யப்பட்டது. செய்து முடித்த மகான், அந்த வீட்டின் ஒரே வாரிசும், எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை பூமிக்குப் பாரமாக இருப்பவருமான அடியேன். தனி ஆளாகச் செய்தேன். இரண்டு கோழியும் ஒரு காக்கையும் சாட்சி. மகனே, இந்தச் செய்தி உன் சரித்திரப் புத்தகத்தில் இல்லையென்றால் அது புத்தகம் அச்சடித்தவர்களின் குற்றம்.

திகைக்காதே. நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அம்மா யாரென்று எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைக்கும் தன் தலையில் என்ன எழுதியிருக்கிறதென்று இதுவரை தெரியாது, பாவம், எங்கேயோ நிம்மதியாக இருக்கிறது. எனக்கு வயது பதினாறு. இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு. நீ வளர்ந்து ஆளாகி இதைப் படிக்கும்போது எனக்குத் தொப்பையும் கண்ணாடியும் வந்திருக்கும், சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பேன். அதற்கு முன்னால், மூளை வேலை செய்கிறபோதே உனக்கு நாலு புத்தி சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஆசை வந்ததற்குக் காரணம் என் அய்யா. அவர் போன வாரம் மதுரையிலிருந்து எனக்கு நாலு தாள் கடிதம் எழுதினார், நாலு தாளும் புத்திமதி. ஒருவனுக்கு இவ்வளவு புத்திமதி சேர்ந்துபோனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுத்தவனுக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். எனக்குக் கீழே இந்த வீட்டில் யாருமில்லை. ஆகவே நீ.

அய்யாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மாசி பங்குனியில் வத்தல் மூட்டைகள் வரும். நம் வீட்டுக் கொல்லையில்தான் கொட்டிக் காயப்போடுவோம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காம்பு கிள்ளித் தரம் பிரிப்பார்கள். பிறகு சரக்கு மறுபடி மூட்டையாகி அருப்புக்கோட்டைக் கிட்டங்கியில் இருப்பு வைக்கப் போகும். வத்தல் போய்விடும், அதன் தூசி போகாது. இருபது வருஷமாக அந்தத் தூசிக்குள்ளேயே நின்றதில் அய்யாவுக்கு இளைப்பு வந்துவிட்டது. மாசியில் ஒரு நாள் மூச்சு இழுத்து, உதடு நீலமாகி, மதுரைக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் பத்து நாள், அப்புறம் அத்தை வீட்டில் ஒரு மாதம். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: கோடை முடியும்வரை உள்ளறையில் படுக்கக் கூடாது, காற்றோட்டமாக வெளியில் படுக்க வேண்டும், அந்த இடத்தில் தூசியே இருக்கக் கூடாது. நம் வீட்டில் வெளி என்றால் கொல்லை. நம் கொல்லையில் தூசியே இருக்கக் கூடாது என்பது, கண்மாயில் தண்ணீரே இருக்கக் கூடாது என்பது மாதிரி. இல்லை, தப்பு. நம்மூர்க் கண்மாயில் அது சாத்தியம்தான்.

அய்யாவின் கடிதம் அதற்காகத்தான் வந்தது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வருகிறேன், கொல்லையில் கட்டில் போட்டு ஒரு நாள் இருந்து பார்க்கிறேன், மூச்சுக்கு ஒத்துக்கொண்டால் வைகாசி முடிய வீட்டில் இருப்பேன், இல்லையென்றால் மறுபடி அத்தை வீடுதான் என்று முதல் தாளிலேயே எழுதியிருந்தார். இதை வாசித்தபோது அம்மா அடுப்பங்கரை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அய்யா போனதிலிருந்து அம்மா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. நின்றபடியே இரண்டு வாய், அவ்வளவுதான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. வீட்டில் வரும் எல்லாக் கடிதத்துக்கும் நான்தான் வாய். மகனே, இங்கேதான் உன் தகப்பன் சறுக்கினான். உன்னிடம் மறைக்கக் கூடாது.

இரண்டாம் தாள் முழுக்கக் கொல்லையை எப்படிச் சுத்தம் செய்வது என்று இருந்தது. தண்ணீர் தெளிக்காமல் விளக்குமாற்றைத் தொடாதே, கல்லைக் கையால் புரட்டாதே, கம்பால் புரட்டு, அடியில் தேள் இருக்கும், கயிற்றுக் கட்டிலை வெயிலில் போட்டு, மூட்டுக்கு மூட்டு வெந்நீர் ஊற்று, சுவருக்குச் சுண்ணாம்பு அடி, இப்படியே போனது. பள்ளிக்கூடத்தில் கூட்டல் தெரியாதவன் என்று பெயர் வாங்கியவனுக்கு வீட்டிலும் கூட்டல் பாடமா என்று அலுத்துக்கொண்டேன். மூன்றாம் தாளுக்கு வந்தபோது என் கண் தாளில் இருந்தது, வாய் வேறு எங்கோ போய்விட்டது. "பிள்ளை வேலை செய்து இளைத்துவிடுவான். தினமும் இரண்டு முட்டை அவித்துக் கொடுக்கவும். மத்தியானம் நன்றாகத் தூங்கவிடவும். சாயங்காலம் டூரிங் டாக்கீசுக்குப் போனால் தடுக்க வேண்டாம்" என்று அய்யாவின் நடையிலேயே, இடையிடையே தொண்டையைக் கனைத்து, வாசித்தேன். நாலாம் தாளை வாசிக்கவே இல்லை. "இப்படிக்கு" என்று சொல்லி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அம்மா சந்தேகப்படுவாள், ஒரு அதட்டல் விழும், இரண்டு பேரும் சிரிப்போம் என்றுதான் நினைத்தேன். அவளோ முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அவுகளா இப்படி எழுதியிருக்காக? ஒரு நாளும் வாயத் தொறந்து ஒன்னையப் பத்திச் சொல்ல மாட்டாகளே. ஆசுபத்திரியில கெடக்கவும் பிள்ள நெனப்பு வந்துருச்சு போல" என்றாள். அதற்குப் பிறகு விளையாட்டு என்று எப்படிச் சொல்வது? மறுநாள் காலையில் தட்டில் இரண்டு முட்டை இருந்தது. பக்கத்து வீட்டுத் தறிக்கார மாமா வீட்டுக் கோழியின் முட்டை, கேட்டு வாங்கி வந்திருந்தாள். தின்றேன். உப்பும் மிளகும் சரியாகத்தான் இருந்தன. இரண்டாவது முட்டையைத்தான் தண்ணீர் குடித்து இறக்க வேண்டியிருந்தது.

மூன்று நாள் வேலை நடந்தது. கொல்லையில் என்ன இல்லை என்று கேள். கிணற்றோரம் உடைந்த வாளி, துவைக்கல்லுக்குப் பின்னால் கருவேல முள், வேம்பின் கீழே கால் ஒடிந்த பெஞ்சு, சாக்கு, கயிறு, கூடை. எல்லாவற்றுக்கும் மேலே சுவரோரமாக இடுப்புயரத்துக்கு ஒரு சிவப்பு மேடு. வருஷா வருஷம் கிள்ளிய காம்பும், உதிர்ந்த விதையும், சல்லடையில் விழுந்த தூசியும். ஒவ்வொரு பங்குனியிலும் அள்ளிப் போட வேண்டும் என்பார்கள், ஒவ்வொரு பங்குனியிலும் இன்னும் கொஞ்சம் அதன்மேல் தள்ளுவார்கள். நான் முள்ளை வெட்டினேன். கல்லைப் புரட்டினேன், தேள் வந்தது, ஒரே அடி. கட்டிலைத் தூக்கி வெயிலில் போட்டு வெந்நீர் ஊற்றினேன், மூட்டைப்பூச்சிக் குடும்பங்கள் தலைமுறையோடு மிதந்தன. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். எல்லாம் முடிந்தது, மேடு மட்டும் நின்றது. மண்வெட்டியால் நாலு தடவை வாரிப் பார்த்தேன், நாற்பது தும்மல் வந்தது. அப்போதுதான் எனக்கு அந்தப் பிரமாதமான யோசனை உதித்தது. மகனே, உனக்கும் இப்படி யோசனை உதிக்கும். உதிக்கிற வேகத்தைப் பார்த்தே சந்தேகப்படு.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்த மேட்டுக்குத் தீ வைத்தேன்.

எவ்வளவு புத்திசாலியாக வைத்தேன் தெரியுமா? மற்ற குப்பையையும் சேர்த்துக் குவித்து, காய்ந்த வேப்பிலையை அடியில் திணித்து, காற்று வரும் பக்கம் பார்த்து வைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வெள்ளையாக, அடக்கமாக, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி கொஞ்சம் புகை. பிறகு காம்பு பற்றிக்கொண்டது. தூசியை நான் தூசாக நினைத்திருந்தேன். அது என்னை அப்படி நினைத்துவிட்டது. கண் திறக்கவில்லை, மூச்சு உள்ளே போகவில்லை, போனது வெளியே வரவில்லை. கோழிகள் தும்மின. கோழி தும்மி நீ பார்த்திருக்கிறாயா? தறிக்கார மாமா வீட்டில் விடிந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த தறிச் சத்தம் பட்டென்று நின்றது. தெருவே இருமியது. "எந்தப் பயடா வத்தலக் கொளுத்துனது?" என்று மாமா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைக்குள் ஓடி வந்தார். அம்மா அடுப்பங்கரையிலிருந்து வந்தவள் புகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஏலே, அவுக பஸ்ஸு வர்ற நேரம்டா" என்றாள். அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். அடுத்த நொடி கத்தினாள்: "ஓடு! ஸ்டாப்புலயே நிப்பாட்டு! தெருவுக்குள்ள விட்ராத அவுகள!"

ஓடினேன். செருப்பு ஒன்று தெருவில் கழன்றது, விட்டுவிட்டேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. அய்யா படியிலிருந்து கம்பியைப் பிடித்து ஒவ்வொரு காலாக இறங்கிக்கொண்டிருந்தார். நாற்பது நாளில் ஆள் பாதியாகியிருந்தார். சட்டை மட்டும் பழைய அளவில் இருந்தது. கையில் மஞ்சள் பை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "கூப்பிட வந்தியா? வா, போவோம்" என்றார்.

"இப்ப வேண்டாம்யா. வீட்டுக்குள்ள பெரிய பாம்பு புகுந்திருச்சு. பிடிக்கிற ஆளு வந்திருக்காக. செத்த நேரம் டீ குடிச்சிட்டுப் போவோம்."

ஸ்டாப்புக்கு எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தேன். என் கண் சிவந்து வழிந்துகொண்டிருந்தது. பாம்புக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொள்வார் என நம்பினேன். டீ வந்தது. அய்யா கிளாசை வாய் அருகில் கொண்டுபோய் நிறுத்தினார். காற்று திரும்பியிருந்தது. மூக்கை லேசாக உயர்த்தினார். இருபது வருஷம் கண்ணை மூடிக்கொண்டு சரக்கு பார்த்த மூக்கு.

"முண்டு வத்தல்" என்று ரகத்தைச் சொன்னார். "காம்பு. போன வருசச் சரக்குமிருக்கு." கிளாசைக் கீழே வைத்தார். "ஏலே, பாம்பு எப்ப இருந்துடா வத்தல் திங்க ஆரம்பிச்சது?"

 அவர் இருமினார். சின்ன இருமல்தான். அடுத்தது சின்னது இல்லை. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்துகொண்டார், தோள் இரண்டும் காது வரை ஏறி ஏறி இறங்கின, நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம். டீக்கடைக்காரர் விசிறி மட்டையோடு ஓடி வந்தார். நான் அய்யாவின் முதுகில் கை வைத்தேன். சட்டைக்குள் எலும்பை எண்ணலாம் போலிருந்தது. மகனே, நான் எத்தனையோ பேரைப் பயமுறுத்தியிருக்கிறேன், தமிழ் வாத்தியாரின் குடைக்குள் ஓணான் விட்டிருக்கிறேன். பயம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியாது. நேற்று பகல் பதினொன்றரை மணிக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மஞ்சள் பையில் மருந்து இருந்தது. அதைக் குடித்து, கடைக்குப் பின்பக்கம் காற்று படாத இடத்தில் பெஞ்சைப் போட்டு, அரை மணி நேரம் கழித்துத் தோள் இறங்கியது. நிமிர்ந்து உட்கார்ந்த அய்யா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கடைக்காரரிடம், "அடுத்த மதுரை பஸ்ஸு எப்ப?" என்று கேட்டார்.

"பன்னெண்டரைக்கு வரும்."

அப்போது எனக்கு அம்மா நின்றுகொண்டு சாப்பிடுவது கண்ணில் வந்தது. அய்யா என் பக்கம் திரும்பினார். "கடுதாசி வந்துச்சா?"

"வந்துச்சு."

"கடைசித் தாள வாசிச்சியா?"

சட்டைப் பையில் அது நாலு நாளாக மடித்தபடியே இருந்தது. வியர்வையில் ஓரம் நைந்திருந்தது. "எடு. இங்கனயே வாசி. சத்தமா வாசி" என்றார். டீக்கடையில், ஆறேழு பேர் முன்னால், நான் முதல் தடவையாக அந்தத் தாளை வாசித்தேன். அப்படியே எழுதித் தருகிறேன், சொந்தச் சரக்கு ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை.

"இதுவரை உன் அம்மாவுக்கு நீ ஒழுங்காக வாசித்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். முட்டையோ சினிமாவோ கேட்டிருப்பாய். போகட்டும். இந்தத் தாளை மட்டும் எழுதியபடி வாசி. சுவரோரம் கிடக்கும் காம்புக் குப்பையைக் கொளுத்த வேண்டாம். தண்ணீர் விட்டு நனைத்து, குழி தோண்டிப் புதைக்கவும். அந்தப் புகை எனக்கு ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. எனக்கு வீட்டுக்கு வர ஆசையாக இருக்கிறது."

கடைசி வரியை வாசிக்க எனக்கு இரண்டு தடவை பிடித்தது.  அய்யா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன முட்டை?" என்றார்.

"ரெண்டு."

"தினமுமா?"

"ம்."

"நானே ஒண்ணுதான்டா திங்கிறேன்."

பன்னிரண்டரை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "பெரியவரே, மதுரையா? ஏறுங்க" என்றார். அய்யா பையை மடியில் வைத்திருந்தார். நான் பஸ்ஸைப் பார்க்கவில்லை, அந்தப் பையின் காதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை அசையவில்லை. "இப்பத்தானய்யா எறங்குனேன்" என்றார் அய்யா. விசில் ஊதி பஸ் போய்விட்டது. நான் விட்ட மூச்சு அந்த பஸ்ஸைத் தள்ளியிருந்தால் அது மதுரைக்குப் பத்து நிமிஷம் முன்னதாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

மூன்று மணிக்குத் தறிக்கார மாமா வந்தார். வேட்டி முழுக்கச் சாம்பலும் சேறும். "வாங்க மச்சான். புகை சுத்தமா அடங்கிருச்சு. எரிஞ்சதக் குழி தோண்டிப் பொதைச்சு, அக்கா தண்ணியும் தெளிச்சிருச்சு" என்றவர், என்னைப் பார்த்து, "இந்த மாப்பிள்ளையையும் சேத்துப் பொதைக்கலாம்னு பாத்தோம், குழி பத்தல" என்றார். அய்யா ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு பின்னால் போனேன்.

இன்று சனிக்கிழமை. வேம்பின் நிழலில் கயிற்றுக் கட்டிலில் அய்யா சாய்ந்திருக்கிறார். நனைந்த மண் வாசனை இன்னும் இருக்கிறது. வேப்பம்பூ அவர்மேல் உதிர்கிறது, தட்டிவிடாமல் கிடக்கிறார். காலையில் எழுந்ததும் அம்மா எதுவும் கேட்காமல் கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் ஒரு மூச்சை நீளமாக இழுத்து, நீளமாக விட்டுக் காட்டினார். "வைகாசி முடியட்டும். இங்கனயே கெடக்கேன்" என்றார். அம்மா உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து நான் எட்டிப் பார்த்தேன். தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து, பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் துவைக்கல்லின் மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் அய்யா கேட்டார்: "என்னடா அது, இம்புட்டு நேரமா எழுதுற?"

"கடுதாசி."

"யாருக்கு?"

"என் மகனுக்கு."

 "ஒம் மகன்னா, வாசிக்கவா போறான்?"

"கடைசித் தாளை மொதல்ல வாசிக்கச் சொல்லி எழுதப் போறேன்."

அய்யா சிரித்தார். சிரித்தால் இருமல் வருமோ என்று பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். வரவில்லை. சிரிப்பு மட்டும் வந்தது, வந்த வழியே போனது.

இந்த இளைப்பு நம் குடும்பத்தில் சிலருக்கு உண்டு. அய்யாவின் தம்பிக்கும் உண்டு. நாளைக்கு எனக்கும் வரலாம். அப்போது கோடையில் எனக்குக் கட்டில் போடக் கொல்லையைச் சுத்தம் செய்கிறவன் நீயாகத்தான் இருப்பாய். அதனால்தான் இவ்வளவும் எழுதினேன். தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டு. கல்லைக் கம்பால் புரட்டு. எதையும் கொளுத்தாதே. நான் ஏதாவது எழுதி அனுப்பினால், அது எவ்வளவு நீளமாக, எவ்வளவு சலிப்பாக இருந்தாலும், கடைசி வரி வரைக்கும் வாசித்துவிடு. ஆசைப்படுவதைக் கடைசியில்தான் எழுதுவோம் போலிருக்கிறது, நாங்கள்.

நான் சொல்ல வேண்டியதும் கடைசியில்தான் வருகிறது. நான் தேளை அடித்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா? தேளைப் பார்த்ததும் கிணற்றுச் சுவர்மேல் ஏறியவன் நான், அடித்தது அம்மா. சுண்ணாம்பு அடித்தது தறிக்கார மாமா, தறியை நிறுத்திவிட்டு வந்து. கட்டிலுக்கு வெந்நீர் ஊற்றியது, முள்ளை வெட்டியது, வாளியையும் கூடையையும் சுமந்து போட்டது எல்லாம் அம்மா, மூன்று மத்தியானமும், வெயிலில், தனியாக. நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்தேன். பிள்ளையை நன்றாகத் தூங்கவிடச் சொல்லி அய்யா எழுதியிருந்தாரே, அதனால் எழுப்பவில்லை. குழி தோண்டியதும் மூடியதும் அவர்கள்தான். அடித்துத் திருத்தினால் தாள் அசிங்கமாகிவிடும் என்பதால் மேலே எழுதியதை அப்படியே விடுகிறேன். நம் வீட்டுக் கொல்லையைச் சுத்தம் செய்ததில் நான் தனி ஆளாகச் செய்தது ஒன்றே ஒன்றுதான், மகனே. தீக்குச்சியைக் கிழித்தது.